துண்டு போட்ட நாற்காலி

இது நடந்தது. கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த ஷட்டருக்குள் மாட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தியது நான்தான். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைச் சேலை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். அதுவும் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது.

2003, தீபாவளிக்கு முதல் நாள். நான் சித்ராதேவி, சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். திருப்பூரில் பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பெயர்தான் பெரிது. ஜெர்மனிக்காரனுக்கு மெயில் அனுப்ப வேண்டும், அவன் பதில் போடும் வரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவனுக்கு விடியும்போது நமக்கு மதியம் ஆகிவிடும். அந்தக் காத்திருப்பு நேரத்தில் எங்களைப் போன்றவர்கள் பலர் நெட்டில் சீட்டு ஆடினோம். காசு கீசு கிடையாது, வெறும் பொழுதுபோக்கு.

நாலு பேர் ஆடும் ஆட்டம். எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. திரையில் ஒரு டேபிள், அதைச் சுற்றி நாலு நாற்காலி, பக்கத்தில் பேசிக்கொள்ள ஒரு பெட்டி. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்துப் பேசுவோம். கோயமுத்தூர், திருப்பூர்க்காரர்கள் கூடும் அறை என்பதால் மரியாதைக்குக் குறைவே இருக்காது. காலி நாற்காலியைப் பார்த்ததும் பொசுக்கென்று உட்கார்ந்துவிடக் கூடாது. "உக்காரலாமுங்களா?" என்று கேட்க வேண்டும். டேபிளில் இருப்பவர் "உக்காருங்க" என்று சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். பாதி ஆட்டத்தில் எழுந்து போகக் கூடாது. போயே ஆக வேண்டுமென்றால் நம் இடத்தில் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டும். ஜோடியை அம்போ என்று விட்டுவிட்டுப் போனால் அப்புறம் எந்த டேபிளிலும் சேர்க்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. டீ குடிக்கப் போகிறவர்கள் "துண்டு போட்டிருக்கேன்" என்று அடித்துவிட்டுப் போவார்கள். பஸ் ஜன்னல் வழியாக சீட்டுக்குத் துண்டு போடுகிறோமே, அதே சட்டம்தான். துண்டு போட்ட நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது.

எனக்கு இந்தச் சட்டதிட்டம் எல்லாம் எரிச்சல். காலியாக இருந்தால் உட்கார வேண்டியதுதானே, இதற்கு எதற்குத் தாம்பாளம் வைத்து அழைப்பு? இதற்காகவே இரண்டு மூன்று முறை திட்டும் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் ராக்கம்மாள் அக்காவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்துக்காரி. எங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் என்மேல் தனிப் பாசம். இந்த ஊர்க்காரரான வாட்ச்மேன் கன்னையனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவள். அவளிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் அவள் எங்கேயும் உட்கார மாட்டாள். மதியச் சோற்றைக்கூட கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள்.

"உக்காருக்கா, காலு வலிக்கலையா?" என்பேன்.

"வேணாந்த்தா. எனக்கு இங்க உக்காரக் கூடாது" என்பாள். ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று காலையோடு கம்பெனி லீவு விட்டாகிவிட்டது. பத்து நாள். தீபாவளி என்றால் திருப்பூர் காலியாகிவிடும், தெரியுமல்லவா? எந்நேரமும் தடதடவென்று கேட்கும் மெஷின் சத்தம் நின்றுபோய், ஊரே காது அடைத்ததுபோல ஆகிவிடும். எனக்கு ஆறு மணிக்கு பஸ். டிக்கெட் கைப்பையில் இருந்தது. மதியமே கிளம்பிவிடுவேன் என்று கன்னையனிடம் காலையில் சொல்லியிருந்தேன். ஆனால் ஜெர்மனிக்காரன் "ஓகே" சொல்ல மூன்று மணியாக்கிவிட்டான். நான் மாடி ஆபீஸில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

மெயில் வந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சரி, ஒரு ஆட்டம் போடுவோம் என்று நெட்டில் அந்தச் சீட்டு அறையைத் திறந்தேன்.

வெறிச்சென்று இருந்தது. ஒரே ஒரு டேபிளில் மட்டும் ஆட்கள் இருந்தார்கள். மூன்று பேர். நாலாவது நாற்காலி காலி.

பேசும் பெட்டியில் ஒரே ஒரு வரி.

"இந்தச் சேருக்குத் துண்டு போட்டிருக்குதுங்க."

தீபாவளிக்கு முதல் நாள் எவன் திரும்பி வரப்போகிறான்? நான் கேட்கவில்லை. கிளிக் பண்ணி உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டியில் இரண்டு வரி வந்தது. ஒருவர் மாற்றி ஒருவர்.

"கேக்காம உக்காந்துட்டீங்களே, கண்ணு."

"பரவால்லீங்க. ஆள் சேந்துருச்சு. போடுங்க."

பெயர்களைப் பார்த்தேன். நல்லான். குருசாமி. எனக்கு எதிரே, என் ஜோடியாக மயிலாத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் எல்லாருமே இளவரசன், ரோஜாப்பூ, சிங்கக்குட்டி என்றுதான் பெயர் வைத்துக்கொள்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரோடு அங்கே நான் பார்த்த முதல் ஆட்கள் இவர்கள்தான்.

சீட்டு வந்தது. எல்லாச் சீட்டுக்கும் ஓரம் பழுப்பாக இருந்தது. தீயில் லேசாகக் காட்டி எடுத்தது மாதிரி. மானிட்டர் கோளாறு என்று அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினேன். பழுப்பு போகவில்லை.

நல்லான் ஒரு டைமன் போட்டார்.

டப்.

சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது. கீழ்த்தளத்தில் துணி வெட்டும் கட்டிங் ஹால். யாரோ மேஜையில் ஓங்கி அறைந்த மாதிரி. கன்னையன் ஏதோ சாமானை எடுத்து வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மயிலாத்தாள் போட்டாள். டப்.

குருசாமி. டப்.

நான் இஸ்பேட் ராணியை இறக்கினேன். அதற்கும் கீழே... டப்.

அப்போதுதான் கடகடவென்று ஒரு பெரிய சத்தம் கேட்டது. தெருவில் சரவெடி என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது, யூ.பி.எஸ். பீப்... பீப்... என்று கத்த ஆரம்பித்தது. கரண்ட் போய்விட்டது, கிளம்ப வேண்டியதுதான். மரியாதையாகச் சொல்லிவிட்டே போவோம் என்று அடித்தேன்.

"கரண்ட் போயிருச்சு. நான் வர்றேன்."

"ஆட்டம் முடியலீங்களே."

எழுந்து போகும் பட்டனை அழுத்தினேன். வேலை செய்யவில்லை. மறுபடி அழுத்தினேன்.

"ஆளை உக்கார வெச்சிட்டு எந்திரிங்க, கண்ணு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. போங்கடா நீங்களும் உங்கள் சீட்டும் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

ஷட்டர் மூடியிருந்தது.

சற்று முன் கேட்டது சரவெடி இல்லை. கன்னையன் ஷட்டரை இழுத்து விட்ட சத்தம். லீவுக்குப் பூட்டும்போது மெயின் ஸ்விட்சையும் இறக்கிவிட்டுத்தான் போவார். கரண்ட் போகவில்லை. அவர் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"கன்னையண்ணே! கன்னையண்ணே!"

ஷட்டரை இரண்டு கையாலும் அடித்தேன். உதைத்தேன். வெளியே பட்டாசு. தெரு முழுக்கப் பட்டாசு. நான் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் அங்கே நூறு வெடி வெடித்தது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. யாருக்குக் கேட்கும்?

பத்து நாள். ஜன்னல்களில் எல்லாம் இரும்புக் கம்பி, அதற்கு அந்தப் பக்கம் பக்கத்துக் குடோன் சுவர். பையில் அரை பாட்டில் தண்ணீர். என்னிடம் செல்போன் கிடையாது. நான் வராவிட்டால் பஸ்ஸைத் தவற விட்டிருப்பேன் என்றுதான் அம்மா நினைப்பாள். அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அழுகை அடங்கியதும்தான் கட்டிங் ஹாலைத் திரும்பிப் பார்த்தேன்.

லீவு விட்டால் ஸ்டூல்களை எல்லாம் சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிடுவார்கள். இப்போது நாலு ஸ்டூல் மட்டும் கட்டிங் டேபிளைச் சுற்றிப் போட்டிருந்தது.

நாலாவது ஸ்டூலின் கீழே, தரையில் ஒரு துண்டு கிடந்தது.

யாரோ அதை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்த மாதிரி.

மேஜை மேல் ஒன்றும் இல்லை. ஆளும் இல்லை. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

டப்.

எப்படி மாடி ஏறினேன் என்று தெரியாது. போன்! ஆபீஸ் போன் ஞாபகம் வந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. லைன் செத்துக் கிடந்தது.

அந்த லைனில்தான் எங்கள் நெட்டும் வரும்.

மெல்லத் திரும்பி கம்ப்யூட்டரைப் பார்த்தேன். யூ.பி.எஸ். கத்துவது எப்போதோ நின்றிருந்தது. அதில் விளக்கு இல்லை. மோடத்திலும் விளக்கு இல்லை.

திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"பாதியில எந்திரிச்சுப் போனா எப்படீங்க?"

"உங்க கைதானுங்க. போடுங்க."

எனக்கு வேறு யாரும் இல்லை. அந்தத் திரைதான் இருந்தது. அதில் அடித்தேன். "நான் கம்பெனிக்குள்ள மாட்டிக்கிட்டேன். வெளியில பூட்டிட்டாங்க. தயவுசெஞ்சு யாருக்காவது போன் பண்ணுங்க."

பதில் வந்தது.

"நாங்களும் உள்ளேதானுங்க இருக்கோம்."

நாற்காலியிலிருந்து எழ முயன்றேன். முடியவில்லை. யாரும் பிடிக்கவில்லை, கட்டவில்லை. கால் எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி கிடந்தது.

"ஷட்டர நாங்களும் தட்டிப் பாத்தமுங்க" என்று எழுதினாள் மயிலாத்தாள். "பட்டாசுச் சத்தத்துல யாருக்கும் கேக்கலீங்க."

அப்போது அந்த வாடை வந்தது. பனியன் துணி கருகும் வாடை. எங்கேயும் நெருப்பில்லை. ஆனால் கண் எரிந்தது. இருமல் வந்தது.

"நான் போகணும்" என்று அடித்தேன். "என்னை விட்டுருங்க."

"ஆள் வந்தாப் போலாமுங்க."

"வரலைன்னா?"

"வரலீன்னா நீங்கதான், கண்ணு."

எவ்வளவு மரியாதை பாருங்கள்! ஒருவர்கூட ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

சீட்டைப் போட்டேன். டப். அவர்கள் போட்டார்கள். டப். டப். டப். கீழே கேட்டுக்கொண்டிருந்த சத்தம் இப்போது படிக்கட்டில் கேட்டது.

அடுத்த சுற்று... கதவுக்கு வெளியே.

அடுத்த சுற்று... எனக்குப் பின்னால்.

நான் திரும்பவில்லை. கழுத்தில் அனல் அடித்தது. மூச்சு உள்ளே போகவில்லை. திரையில் எழுத்து மங்கியது. அம்மா, அம்மா என்று முனகிக்கொண்டிருந்தேன்.

அப்போது பெட்டியில் ஒரு புது வரி வந்தது. பெயர் இல்லை. வெறும் வரி மட்டும்.

"உக்காரலாமாத்தா?"

அந்த "த்தா" எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சு. இந்த அறையில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். யார், எவர் என்றெல்லாம் யோசிக்க எனக்கு மூச்சில்லை. இந்த நாற்காலியைக் கேட்டு ஒரு ஆள் வந்துவிட்டது. அது போதும்.

"உக்காருங்க" என்று அடித்தேன். "உக்காருங்க, உக்காருங்க."

மூன்று பேரும் ஒன்றாகப் போட்டது மாதிரி ஒரு வரி.

"வந்துட்டியா புள்ள."

திரை அணைந்தது.

வாடை போயிற்று. அனல் போயிற்று. கால் அசைந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து பத்து.

இருட்டத் தொடங்கிய ஆபீஸிலிருந்து தவழ்ந்த மாதிரி படியிறங்கினேன். ஸ்டூல்கள் சுவரோரம் அடுக்கியபடி இருந்தன. துண்டைக் காணவில்லை. ஷட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். எவ்வளவு நேரமோ... வெளியே பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. ஷட்டர் மேலே ஏறியது.

எங்கள் அக்கவுண்டண்ட் இளங்கோ. என்னைப் பார்த்ததும் அலறிவிட்டார்.

"ஏனுங்க சித்ரா! உள்ளயா இருந்தீங்க? ஊருக்குப் போகலீங்களா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து தெருவில் நின்று அழுதேன். பட்டாசுப் புகையைக்கூட ஆசையாக இழுத்து மூச்சு விட்டேன்.

"நல்லவேளைங்க" என்றார் அவர். "வேன் சாவி எடுக்கத்தான் வந்தேன். இல்லீன்னா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். சாமான் எடுத்துட்டு வரோணும், ஆளுங்களக் கூட்டிட்டு வரோணும், அதுக்குத்தான் வேனு. நம்ம ராக்கம்மாக்கா தவறிட்டாங்க."

எனக்குக் கேட்கவே இல்லை. இரண்டாம் முறை சொன்னார். காலையில்கூட என் தலையில் இருந்த பூவைச் சரிசெய்துவிட்டு "பார்த்துப் போத்தா" என்றவள்.

அன்று நான் ஊருக்குப் போகவில்லை. இளங்கோவோடு வேனில் ஏறினேன். பாதி வழியில் கேட்டேன்.

"அண்ணே, நல்லான், குருசாமி, மயிலாத்தான்னு நம்ம கம்பெனியில யாராவது இருந்தாங்களா?"

அவர் வேனை ஓரங்கட்டிவிட்டார்.

"உங்களுக்கு யாரு சொன்னாங்க? ராக்கம்மாக்காவா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவராகச் சொன்னார். பத்து வருடங்களுக்கு முன்னால் அதே கட்டடத்தில் வேறு கம்பெனி இருந்ததாம். தீபாவளிக்கு முதல் நாள் அவசர ஷிப்மெண்ட் என்று அந்த மூன்று பேரோடு ராக்கம்மாளையும் சேர்த்து நாலு பேரை உள்ளே வைத்து வெளியில் பூட்டியிருக்கிறார்கள். வேலை இடைவெளியில் நாலு பேரும் கட்டிங் டேபிளில் சீட்டு ஆடுவார்களாம். டீ வாங்க ராக்கம்மாளை மட்டும் வெளியே விட்டு, மறுபடி பூட்டிவிட்டு, சாவி வைத்திருந்தவன் பட்டாசு வாங்கப் போய்விட்டான். அவள் தன் துண்டை ஸ்டூலில் போட்டு, யாரையும் உட்கார விடாதீர்கள், இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"வேஸ்ட் துணியில பட்டாசு விழுந்து புடிச்சுக்கிச்சுங்க. இவங்க டீயோட வந்து நிக்கறாங்க, உள்ள மூணு பேரும் ஷட்டரத் தட்டறாங்க. சாவி இல்லீங்க." இளங்கோ வேனை மறுபடி கிளப்பினார். "அதுக்கப்பறம் அந்தக்கா வேற எங்கயும் வேலைக்குப் போகலீங்க. இங்கயேதான் இருந்தாங்க."

ராக்கம்மாளின் வீடு ஒற்றை அறை. நடுவில் படுக்க வைத்திருந்தார்கள். மூலையில் ஸ்டவ்வும், பாதி சுட்ட அதிரசமும் அப்படியே இருந்தன. அவள் முகத்தைப் பார்த்தேன். ரொம்ப நாள் நின்றவள் உட்கார்ந்த மாதிரி, அவ்வளவு நிம்மதியாக இருந்தாள்.

வருகிறவர்கள் எல்லாம் எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். கன்னையன் ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் என்னிடமும் சொன்னார்.

"ஒரு நோவும் இல்லீங்க. அதிரசம் சுட்டுட்டு இருந்தா. அஞ்சு பத்து டவுன் பஸ்ஸு ஆரன் அடிச்சிட்டுப் போச்சு, அப்பத்தானுங்க. பொசுக்குன்னு எந்திரிச்சா. அந்தா கெடக்குது பாருங்க வெறுஞ் சேரு, அது முன்னால போய் நின்னுட்டு, 'உக்காரலாமாத்தா?'ன்னு கேட்டா. யாரும் இல்லீங்க அங்க. கொஞ்ச நேரம் அப்படியே நின்னா. அப்பறம் யாரோ உக்காருன்னு சொன்ன மாதிரி தலைய ஆட்டிட்டு, சிரிச்சிட்டே உக்காந்தா. அவ்வளவுதானுங்க. தலை சாஞ்சிருச்சு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுதான் வெளங்கலைங்க, கண்ணு. யாரு அவளை உக்காரச் சொன்னது?"